மஞ்சள் சீட்டு இல்லாத காகிதம்

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் மின்விசிறியைப் போடுவதில்லை. போட்டால் மேசைமேல் இருக்கும் காகிதமெல்லாம் பறக்கும், அப்புறம் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டும். வியர்த்தால் வியர்க்கட்டும் என்று முதலில் எல்லாவற்றையும் அடுக்கிவிடுவேன். இருபத்தாறு வருடப் பழக்கம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மேடம், எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியவர்கள் எல்லாரும் "கவனக்குறைவு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் கவனக்குறைவு எதுவும் நடக்கவில்லை. நான் இருக்கும் இடத்தில் அது நடக்காது.

நீங்கள் கேட்கும் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் எண் நீர்த்தொட்டியின் பரிசோதனை அறிக்கையை, அனுமதி இல்லாமல், பத்திரிகைக்குக் கொடுத்தது நான்தான். ஐந்து பேர் செத்ததற்கு ஒரு விசாரணை நடக்கிறது, காகிதம் வெளியே போனதற்கு ஒரு விசாரணை நடக்கிறது. இரண்டாவதற்குத்தான் பெரிய அறையும் நல்ல நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. முதல் விசாரணையில் என்னை யாரும் கூப்பிடவே இல்லை, அதுதான் குறை.

குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். எனக்கு மேலே மண்டல மேலாளர். அவர் என் தங்கையின் கணவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் எழுத்தர்களாகச் சேர்ந்தோம். ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்டோம், டீயைக்கூட ஒரு கோப்பையை இரண்டாக ஊற்றித்தான் குடித்தோம். பழகிய பழக்கத்தில் நான்தான் அவரை வீட்டுக்கு அழைத்துப் போனேன், என் தங்கையைக் கட்டிவைத்தேன். வீட்டில் நான் அவருக்கு மச்சான், அவர் எனக்கு மாப்பிள்ளை. அலுவலகத்தில் நான் அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவேன். "யாரும் இல்லாதப்பவாவது பேரச் சொல்லு மச்சான்" என்பார். நான் சொன்னதில்லை.

மேலாளர் பதவி காலியானபோது அது எனக்கு வர வேண்டியது. வயதில் நான் இரண்டு வருடம் மூத்தவன். பழைய குழாய்களை மாற்றும் திட்டத்தை வார்த்தைக்கு வார்த்தை எழுதியவன் நான். மாப்பிள்ளையிடம் வாய்விட்டே கேட்டேன், "இது எனக்குக் கடைசி வாய்ப்பு" என்று. அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "நீ விண்ணப்பம் போடு மச்சான். நான் போடல. உனக்குக் குறுக்கே நான் நிப்பேனா?" என்றார். மூன்று மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் அவர் பெயர் ஒட்டியிருந்தது. நான் தபால் பிரிவுக்குப் போகும் வழியில் நின்று அதைப் படித்தேன். பக்கத்தில் நின்ற தட்டச்சர் அம்மா, "உங்க வீட்டு மாப்பிள்ளைக்கே வந்துருச்சே, ஸ்வீட் எங்க?" என்று கேட்டார். நானே போய் ஸ்வீட் வாங்கிவந்து கொடுத்தேன். முதுகில் குத்து வாங்கியவன் கையாலேயே இனிப்பும் கொடுக்கவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் நான் அவருக்கு உண்மையாகத்தான் வேலை செய்தேன். நாலு வருடம்.

இப்போது எங்கள் வேலை முறை ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேலாளரின் பார்வைக்கு என்று தினமும் நாற்பது, ஐம்பது காகிதங்கள் வரும். எல்லாவற்றிலும் அவர் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். அத்தனையையும் ஒரு மனிதர் படித்துக்கொண்டிருந்தால் சாப்பிட நேரம் இருக்காது. அதனால் முன்பிருந்த மேலாளர் காலத்திலிருந்தே ஒரு ஏற்பாடு உண்டு. எல்லாவற்றையும் கண்காணிப்பாளர் படிப்பார். மேலாளர் கட்டாயம் படிக்க வேண்டிய காகிதத்தின் மேல் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டுவார். சீட்டு இருந்தால் மேலாளர் படிப்பார். இல்லாவிட்டால் ஒப்பம் மட்டும். இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அந்தச் சீட்டு இல்லாமல் எங்கள் அலுவலகம் ஒரு நாள்கூட ஓடாது.

மாப்பிள்ளை அந்தச் சீட்டை அப்படி நம்பினார். போனில் பேசிக்கொண்டே, மகளின் பரீட்சைக் கவலையை என்னிடம் சொல்லிக்கொண்டே, கை பாட்டுக்கு ஒப்பம் போட்டுக்கொண்டே போகும். மஞ்சள் கண்ணில் பட்டால் மட்டும் கை நிற்கும்.

ஏழாம் தொட்டியின் அறிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கிழக்குப் பக்கத்துத் தெருக்கள் அத்தனைக்கும் அந்தத் தொட்டியிலிருந்துதான் தண்ணீர். அங்கே வால்வு திறந்துவிடும் ஊழியர் ஒருவர் இருக்கிறார். வால்வுக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். "நான் கையைச் சுத்தினாத்தான் சார் இந்த ஊரே பல்லு விளக்கும்" என்று பெருமை அடித்துக்கொள்வார். குடியிருப்பதும் அதே தெருக்களில் ஒன்றில்தான். தண்ணீரில் வாடை வருகிறது என்று அவர்தான் முந்தின வாரம் இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார். நான்தான் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தேன். அறிக்கை ஒரே பக்கம். கழிவுநீர் கலந்திருக்கிறது, வழங்கலை உடனே நிறுத்த வேண்டும் என்று இருந்தது. "உடனே" என்ற சொல்லின் கீழே யாரோ பேனாவால் கோடும் போட்டிருந்தார்கள்.

நான் சீட்டுக் கட்டைக் கையில் எடுத்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை என் மனதில் ஒன்றுமில்லை. அப்போது மாப்பிள்ளை தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேரை அழைத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்தார். என்னைக் காட்டி, "இவருதான் என் மச்சான். இந்த ஆபீஸுக்கு மூளையே இவருதான். நான் வெறும் கையெழுத்து" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர்கள் நகர்ந்ததும் நான் சீட்டுக் கட்டை இழுப்பறையில் வைத்துவிட்டேன். வெறும் கையெழுத்து என்று அவர்தானே சொன்னார்.

அன்று நாற்பத்தொரு காகிதங்கள். ஏழாம் தொட்டி இருபத்திரண்டாவதாக இருந்தது. நான் எதிரில் நின்றுகொண்டு பார்த்தேன். கை நிற்கவில்லை. ஒப்பம், தேதி, அடுத்த காகிதம். பிறகு அந்த அறிக்கையை அதற்குரிய கோப்பில், அதற்குரிய இடத்தில் சேர்த்தேன். நான் எதையும் மறைக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். யார் வந்து அந்தக் கோப்பைக் கேட்டிருந்தாலும் எடுத்துக் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தேன். மேலாளர் குடியிருப்புக்கும் ஏழாம் தொட்டித் தண்ணீர்தான். "கொஞ்ச நாளைக்குக் காய்ச்சிக் குடிங்க. எங்க பார்த்தாலும் காய்ச்சல்னு சொல்றாங்க" என்றேன். "நீ எப்பவும் இப்படித்தான் அண்ணா, எல்லாத்துக்கும் பயம்" என்று சிரித்தாள். ஆனால் காய்ச்சினாள். என் வீடு மேற்குப் பக்கம். எங்களுக்கு மூன்றாம் தொட்டி.

வெள்ளிக்கிழமை வால்வுக்காரர் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சார், அந்த ரிசல்ட்டு வந்துருச்சா?"

"இன்னும் வரல."

"வாடை ஜாஸ்தியாகுது சார். பக்கத்து வீட்டம்மா என்னைப் பிடிச்சுத் திட்டுது, என்னமோ நான்தான் கலக்கி விடுற மாதிரி."

"வந்ததும் சொல்றேன்."

"நீங்க சொன்னாச் சரி சார்" என்று போய்விட்டார். மொத்தம் நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் நான் இதையேதான் சொன்னேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான்.

நிருபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். நாங்கள் சந்திப்பது ஒரு முடிதிருத்தும் கடையில். அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து எதிரில் இருக்கும் கண்ணாடியைப் பார்த்தே பேசிக்கொள்வோம். எந்தத் தெருவைத் தோண்டப்போகிறார்கள், எந்தத் திட்டம் கிடப்பில் கிடக்கிறது என்று சின்னச் சின்ன விஷயங்களாகச் சொல்லிவந்தேன். ஒரு பைசா வாங்கியதில்லை. மக்களுக்குத் தெரிய வேண்டியது மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பது என் கொள்கை. அலுவலகத்தில் எனக்குக் கிடைக்காத மதிப்பு அந்த நாற்காலியில் கிடைத்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. அவர் என்னை "சார்" என்று கூப்பிடும்போது அதில் உண்மை இருந்தது.

அந்தச் சனிக்கிழமை, பேச்சோடு பேச்சாக, தண்ணீர் கெட்டுப்போனதாக ஓர் அறிக்கை வந்தால் அதை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன். எந்த ஊர், எந்தத் தொட்டி என்றெல்லாம் சொல்லவில்லை.

அவர் கன்னத்தில் சோப்பு நுரையோடு சிரித்தார். "வெறும் பேப்பர்தான்னா ஆறாம் பக்கத்துல ஒரு ஓரம் சார். நாலு பேர் ஆஸ்பத்திரில படுத்தாங்கன்னா முதல் பக்கம்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் அது தொழில் தெரிந்தவர் சொன்ன கணக்கு. ஆறாம் பக்கத்து ஓரத்தில் வந்தால் என்ன ஆகும்? மாப்பிள்ளை ஒரு மறுப்பு அறிக்கை விடுவார், குழாயைச் சரிசெய்வார், கூடவே ஒரு பாராட்டும் வாங்கிக்கொள்வார். அவருக்கு எல்லாமே அப்படித்தான் முடியும். ஆகவே நான் பொறுத்திருந்தேன்.

அறிக்கை வந்த நாளிலிருந்து எட்டாம் நாள், முதல் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒன்பதாம் நாள் வால்வுக்காரரின் மகளைச் சேர்த்தார்கள். நாலு வயது. அன்று அவர் வேலைக்கு வரவில்லை, போனில்தான் பேசினார். "வாந்தி நிக்கவே மாட்டேங்குது சார். அந்த ரிசல்ட்டு..." என்று இழுத்தார். அதுதான் நாலாவது தடவை.

பத்தாம் நாள் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. "கிழக்குப் பக்கம்தான் மச்சான் எல்லாரும். தண்ணியா இருக்குமோன்னு பயமா இருக்கு. லேப்ல இருந்து ஏதாவது வந்துச்சா?"

"உங்க பார்வைக்கு வராத காகிதம் எதுவும் இந்த ஆபீஸ்ல இல்ல சார்" என்றேன். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

"நீ சொன்னாச் சரி" என்றார். ஆனாலும் மனசு கேட்காமல் புதிதாகத் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். அதற்கு நாலு நாள் ஆகும்.

அன்றே கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். நிருபருக்குப் போன்கூடச் செய்தேன். அந்த வாரம் கிரிக்கெட் போட்டியின் இறுதிச் சுற்று. சனிக்கிழமை ஆட்டம் முடியும் வரை முதல் பக்கம் காலியில்லை என்றார். சரி என்று வைத்துவிட்டேன். மூன்று நாள்தானே.

ஞாயிறு காலை முடிதிருத்தும் கடையில் நகலைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு முதன்முறையாகக் கண்ணாடியை விட்டு என் பக்கம் திரும்பினார். "இதுல மேலாளர் கையெழுத்து இருக்கு. பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே பார்த்திருக்காரா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறார் என்றேன். அன்று மதியம் வால்வுக்காரரின் மகள் இறந்துவிட்டாள். ஐந்தில் ஐந்தாவது அவள்தான். திங்கள் காலை முதல் பக்கத்தில் அறிக்கை வந்தது. மாப்பிள்ளையின் சுருக்கொப்பத்தையும் தேதியையும் பெரிதாக்கி வட்டம் போட்டிருந்தார்கள். பத்து மணிக்குள் தண்ணீரை நிறுத்தினார்கள். செய்தி வந்தால் எவ்வளவு சீக்கிரம் வேலை நடக்கிறது, பாருங்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். வாசலில் கூட்டம் நின்று மண்ணை வாரித் தூற்றியது. என் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறினாள். எல்லாவற்றையும் கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நாலு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான்.

காகிதத்தை வெளியே கொண்டுவந்தது நான்தான் என்று அலுவலகத்தில் கிசுகிசுத்தார்கள். வெளியே சொல்லாவிட்டாலும் ஒரு மரியாதை வந்தது. நான் போனால் எழுந்து நின்றார்கள்.

நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை முதல் விசாரணையில் வாயைத் திறப்பார், "மச்சான் மஞ்சள் சீட்டு வைக்கவில்லை" என்பார். சீட்டு விஷயம் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் அதைச் சொன்னதும், விதிப் புத்தகத்தில் இல்லாத சீட்டைக் காட்டி என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று சொல்ல நான் தயாராக இருந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியங்களை எழுதியே வைத்திருந்தேன்.

அவர் சொல்லவில்லை. "ஒப்பம் என்னுடையது. படிக்காமல் போட்டேன். தவறு என்னுடையது மட்டும்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

போன புதன்கிழமை மதியம் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி எனக்குப் போன் பண்ணினியே, அது என்னைக்கு?"

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நான் பார்த்துட்டேன். போன்ல தேதி இருக்கு. அவர் கையெழுத்துப் போட்ட அதே செவ்வாய்க்கிழமை."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"நான்தான் காட்டினேன். பார்த்துட்டுப் போனைத் திருப்பிக் குடுத்தாரு. அப்புறம், 'விடு, உன் அண்ணன். என்னோட போகட்டும்'னாரு." அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. "உனக்கு இன்னொண்ணும் சொல்லணும். அந்த வேலைக்கு அவர் விண்ணப்பமே போடல. மேல இருந்து அவங்களாக் கூப்பிட்டுக் குடுத்தாங்க. வேணாம், மச்சானுக்குக் குடுங்கன்னு ரெண்டு தடவை எழுதிக் குடுத்தாரு. அப்படின்னா வெளியாள் ஒருத்தரைப் போடுவோம்னதும்தான் ஒத்துக்கிட்டாரு. உனக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுபோவன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அந்த நியமனக் கோப்பு என் அறைக்கு அடுத்த அறையில், மூன்றாவது அடுக்கில் இருக்கிறது. சாவியும் என்னிடம்தான். நாலு வருடத்தில் அந்த அலுவலகத்தின் ஒவ்வொரு காகிதத்தையும் நான் படித்திருக்கிறேன், அதை மட்டும் திறந்ததில்லை. தங்கை போன பிறகும் திறக்கவில்லை. அவள் புருஷனுக்காகப் பேசுகிறாள், வேறெப்படிப் பேசுவாள்? தெரிந்த விஷயத்துக்குக் கோப்பைப் பார்ப்பானேன்?

என்னை இங்கே வரவைத்தது வேறு. ஐந்து பேர் செத்த பிறகும் அவர் நல்லவராகவே வெளியே போகப்பார்க்கிறார். பதவியை எடுத்துக்கொண்டார். போகட்டும். தங்கையை என் பக்கமிருந்து எடுத்துக்கொண்டார். இப்போது குற்றத்தையும் எடுத்துக்கொண்டு, எனக்கு மன்னிப்பை வீசிவிட்டுப் போகிறார். யார் கேட்டார்கள் அதை? இருபத்தாறு வருடம் பழகியவர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இதைவிடப் பெரிய துரோகத்தை எனக்கு யாரும் செய்ததில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் விஷமாகியிருப்பது முதல் நாளே எனக்குத் தெரியும். மேலாளர் அதைப் படிக்கக்கூடாது என்றுதான் சீட்டு வைக்காமல் விட்டேன். ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருந்தேன், வந்த பிறகு முதல் பக்கம் காலியாகட்டும் என்று காத்திருந்தேன். ஐந்து பேரும் என் கணக்கு. அவருக்கு அதில் பங்கு கிடையாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். படித்துவிட்டே போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மகளை அடக்கம் செய்த மறுநாள் வால்வுக்காரர் என்னைத் தேடி வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லன்னா இன்னும் எத்தனை பேர் போயிருப்பாங்களோ சார். இந்த ஆபீஸ்ல நான் நம்புறது உங்க ஒருத்தரைத்தான்" என்று அழுதார். இன்றைக்கும் வழியில் பார்த்தால் கும்பிடுகிறார். நான் சொன்னது எதுவும் அவர் காதுக்குப் போகவேண்டாம் மேடம். நம்பின ஆள் கழுத்தை அறுத்தால் எப்படி வலிக்கும் என்று அனுபவித்தவன் நான். அந்த வலியை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.